மொட்டைத் தலைக்கு வருகைப் பதிவு

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் படித்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலிருந்து மூன்று வருடம் பஸ் ஏறிப் போய் வந்தேன் என்று சொன்னால் பொய் குறையும். கல்லூரி ஒரு சோபாக்கடையின் மேல்மாடியில் இருந்தது. விளம்பரத் தாளில் பிள்ளைகள் புல்வெளியில் மடிக்கணினியோடு உட்கார்ந்து சிரித்தார்கள். அந்தப் புல்லை நான் கடைசிவரை பார்க்கவில்லை. எங்களுக்கு வாய்த்த பச்சை தரைவிரிப்பு மட்டும்தான். அதிலும் பாதி பழைய கோப்பிக் கறை.

பாடம் நடத்துவது என்றால் அங்கே திரையில் இருப்பதை வாசிப்பது. எங்கள் துறைக்குப் பொறுப்பாக இருந்த சார் அதில் சூரர். அவருடைய பாட்டனார் ரயில்வேயில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தவராம். அதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு வாரம் கழியாது. பாட்டனார் பேரேட்டைப் பார்த்து எழுதினார், பேரன் திரையைப் பார்த்து வாசித்தார், குடும்பத் தொழில் கெடவில்லை. அவர் காட்டிய ஒவ்வொரு திரையின் மூலையிலும் எங்கள் கல்லூரிச் சின்னம் ஒட்டியிருக்கும். சில நாட்களில் அது கொஞ்சம் நகர்ந்துபோய், அடியிலிருந்து வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தின் சின்னம் எட்டிப் பார்க்கும். யாராவது கேள்வி கேட்டால், "அது அடுத்த ஸ்லைடில் வரும்" என்பார். வராது.

கம்ப்யூட்டர் தேர்வைப் பேனா பிடித்துத் தாளில் எழுதினோம். நீந்தத் தெரியுமா என்று பார்க்க ஒருவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்துக் கையைக் காலை ஆட்டச் சொல்வது போன்ற கூத்து அது. கூடப் படித்தவர்களுக்கு அதுவும் சௌகரியமாகத்தான் இருந்தது. தாளில் எழுதிய நிரல் ஓடாது, எனவே தப்பு என்று முகத்தில் அறையவும் செய்யாது. மனப்பாடம் செய்து கக்கிவிட்டுப் பினாங்கு ரோட்டுப் பக்கம் ஐஸ் போட்ட செண்டோல் குடிக்கப் போய்விடுவார்கள்.

எனக்கோ நிரல் எழுதப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இணையத்தைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். ஓடாத ஒன்று திடீரென்று ஓடும்போது வரும் சந்தோஷத்தை அந்தக் கல்லூரியில் யாரிடம் சொல்லியும் பயனில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

அப்படிப்பட்ட வகுப்புக்குத் தானாக யார் வருவார்? வருகைத் தாளில் கையெழுத்துப் போடுவது மட்டும் தவறாது. வந்தவன் வராதவனுக்கும் சேர்த்துப் போடுவான். அது நட்பின் இலக்கணம். போடாதவன் துரோகி. வகுப்பில் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, தாள் மட்டும் நிறைந்து வழியும். சாருக்கு இது தெரியும். நல்ல பாடம் நடத்தினால் ஆள் வரும் என்ற யோசனை அவருக்குத் தோன்றவில்லை. கையெழுத்தை ஒழிக்கவேண்டும் என்று தோன்றியது.

இறுதியாண்டுத் திட்டப்பணி என்று ஒன்று உண்டு. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஏதாவது ஒன்றைச் செய்து காட்டவேண்டும். எங்கள் குழுவுக்குச் சார் கொடுத்தது, கேமராவில் முகத்தைப் பார்த்துத் தானாக வருகை பதியும் நிரல். அதற்குக் காரணமும் இருந்தது. பாயான் லெப்பாஸில் அலுவலகக் கதவுகளுக்கு வருகைக் கருவிகள் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றின் முதலாளி, தமிழர், பரிசோதகராக வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். பிடித்திருந்தால் குழுவிலிருந்து ஒருவரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார், அது அப்படியே வேலையாகும். ஓர் இடம்தான்.

அந்த இடம் எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் அப்படி வேண்டியதில்லை. என் அப்பா மாக் மண்டினில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை செய்கிறார். தினமும் ஃபெரி ஏறி அக்கரை போய் வருபவர். அவர் ஏற்கெனவே அங்கே பேசி வைத்துவிட்டார்.

"ஸ்டோர்ல கிராணி வேலை இருக்கும்மா. எந்தச் சாமான் வந்துச்சு, எது போச்சுன்னு கம்ப்யூட்டர்ல தட்டணும். நீ படிச்சதுக்குச் சரியா வருமே."

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. பாயான் லெப்பாஸ் கிடைத்தால் நிரல் எழுதுவேன், கிடைக்காவிட்டால் மாக் மண்டினில் நட்டும் போல்ட்டும் தட்டுவேன். என் முன்னால் இருந்தது அவ்வளவுதான்.

குழுவில் என்னோடு இருந்தவர்கள் மூன்று பையன்கள். ஒருவன் கண்ணாடி, ஒருவன் தாடி. இவர்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களும் இதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாமவன் எங்கள் பக்கத்து அடுக்குமாடிக்காரன், மோட்டார் சைக்கிளில் வருபவன், குழுவுக்குத் தலைவன். அவனைத் தலைவனாக்கியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயிலேயே வடை சுடுவான். அவன் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால் சார் கண்ணை மூடி ரசிப்பார். வேலையைப் பிரித்தபோது, "நீ கோடிங் பாரு, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் லா" என்றான். கோடிங்கை எடுத்துவிட்டால் மற்றது என்ன மிச்சம்? முகங்களைப் படம் எடுப்பது. நூற்றுக்கணக்கில் எடுக்கவேண்டும். படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நிரல் பழகும்.

லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அதன்மேல் கட்டலாம் என்று சாரிடம் போய்ச் சொன்னேன்.

"அது காப்பி அடிக்கிறதும்மா. நாம சொந்தமா செய்யணும்" என்றார். அந்த நேரம் அவருக்குப் பின்னால் திரையில் அந்த வெளிநாட்டுச் சின்னம் பாதி தெரிந்துகொண்டிருந்தது.

சரி, சொந்தமாகவே செய்தேன். தலைவனும் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். திறந்து பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். தைப்பூசம் முடிந்த வாரம் அது. மூன்று பேரும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டிருந்தார்கள். அந்தக் கோலத்திலேயே, சந்தனம் பூசிய தலையோடு, கல்லூரி மாடிப்படியில் நின்று மாற்றி மாற்றி எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். கண்ணாடி போட்ட மொட்டை, தாடி வைத்த மொட்டை, வெறும் மொட்டை. கடைசியில் ஜடை போட்ட நான்.

"முடி வளர்ந்தா என்ன பண்ணும் இது?" என்று கேட்டேன்.

தலைவன் சிரித்தான். சாரிடம் போனேன்.

"முகத்தைத்தானே பாக்குது, மயிரையா பாக்குது? எல்லாத்துக்கும் பயப்படாதே" என்றார் அவர்.

மயிரைத்தான் பார்த்தது. முடி வளர்ந்து ஸ்டைலாக வாரிக்கொண்டு தலைவன் ஒரு நாள் கேமராவின் முன்னால் நின்றான். திரையில் என் பெயர் வந்தது. கண்ணாடிக்காரனை நிறுத்தினோம், என் பெயர். தாடிக்காரனுக்கும் என் பெயர். நிரலைப் பொறுத்தவரை முடி இருந்தால் நான், இல்லாவிட்டால் அவர்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அதை இந்த நிரல் அச்சுப் பிசகாமல் செய்துகொண்டிருந்தது. அதன்மேல் என்ன தப்பு? காட்டியதைக் கற்றுக்கொண்டது. எங்கள் வகுப்பைவிட அதற்குப் படிப்பு ஏறியிருந்தது.

"திரும்பப் படம் எடுக்கணும். முடியோட, தொப்பியோட, வெயில்ல, நிழல்ல. சனிக்கிழமை வாங்க, நானே எடுக்கிறேன்" என்றேன்.

"கண்டிப்பா வர்றோம் லா" என்றார்கள்.

சனிக்கிழமை அந்த மாடிப்படியில் நான் மட்டும் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன். கீழே சோபாக்கடைக்காரர், ஏதாவது வாங்க வந்தாயா என்று கேட்டார். யாரும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை பரிசோதனை. காலையில் மூன்று பேரும் வந்து வரிசையாக நின்றார்கள்.

மூன்றும் மொட்டை.

"இப்ப ஓகேதானே?" என்றான் தலைவன், தலையைத் தடவிக்கொண்டே. "எதுக்கு அவ்வளவு படம் எடுத்துக்கிட்டு? பார்பர் கடையில டக்குன்னு முடிஞ்சிருச்சு."

நிரலைத் திருத்தச் சொன்னால் தலையைத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறையவேண்டும் போல் இருந்தது. சாரைப் பார்த்தேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்த நான்தான் மடச்சி. "பரவாயில்லையே, பிராக்டிகலா யோசிச்சிருக்காங்க" என்று அவர்கள் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பரிசோதகர் வந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். மீசை தாடி இல்லை, கண்ணாடி இல்லை. தலையில் ஒரு முடி இல்லை, அது இயற்கை. சார் அவரை முன்வரிசையில் உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுத்தார். தலைவன் பேசினான். நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் "நாங்கள்" என்று சொல்லிப் பேசினான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! பிறகு ஒவ்வொருவராகக் கேமராவின் முன்னால் நின்றார்கள். கண்ணாடி மொட்டையின் பெயர் வந்தது. தாடி மொட்டையின் பெயர் வந்தது. வெறும் மொட்டை நின்றதும் தலைவன் பெயர் வந்தது. நான் நின்றேன், என் பெயர். ஒன்றுகூடத் தப்பவில்லை. முதலாளி கைதட்டினார்.

"யார்ப்பா உங்கள்ல மெயினா செஞ்சது?" என்று கேட்டார்.

"டீம் ஒர்க் சார்" என்றான் தலைவன். ஆனால் சொல்லும்போது ஓரடி முன்னால் வந்து நின்றான். சாரும் அவன் தோளில் கை வைத்தார்.

அந்த ஓரடிதான் என் பொறுமையைத் தீர்த்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் மதிப்பெண்ணாவது நிச்சயம், ஒருவேளை இடமும்கூட. தெரிந்துதான் செய்தேன்.

"சார், நீங்க ஒரு தடவை நின்னு பாருங்களேன்" என்று முதலாளியைக் கூப்பிட்டேன்.

சாரின் முகம் வெளுத்தது. முதலாளி உற்சாகமாக எழுந்து வந்து கேமராவைப் பார்த்து நின்றார். திரையில் தலைவன் பெயர் வந்தது. வருகை பதியப்பட்டது என்று பச்சை விளக்கு வேறு எரிந்தது.

முதலாளி திரையைப் பார்த்தார், தலைவனைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"சார், கோடிங் அவங்கதான் செஞ்சாங்க" என்றான் தலைவன் உடனே. கைதட்டல் வந்தபோது டீம், குட்டு வெளிப்பட்டதும் நான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தைப்பூச மொட்டையில் எடுத்த படங்கள், முடி வளர்ந்ததும் எல்லாருக்கும் என் பெயர் வந்தது, சனிக்கிழமை யாரும் வராதது, இன்றைக்குப் போட்ட புது மொட்டை. என் குரல் ஏறியது. ஏறட்டும் என்று விட்டேன். முதலாளி நிதானமாகக் கேட்டுவிட்டுத் தலைவனிடம் திரும்பினார்.

"இதுக்காகவா தம்பி மொட்டை போட்டே?"

தலைவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒப்புக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தேன்.

"நேர்த்திக்கடன் சார்" என்றான் மெதுவாக. "அம்மாவுக்கு உடம்பு முடியல."

அடப் பாவி! அவன் அம்மாவை அன்று காலையில்தான் ஆயர் ஈத்தாம் பாசாரில் பார்த்திருந்தேன். மீன்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார், அந்தக் குரல் பஸ் ஸ்டாப் வரை கேட்டது. ஆனால் சாமி பெயரைச் சொன்ன பிறகு நம்மவர்களிடம் எவன் கேள்வி கேட்பான்? சந்தேகப்பட்டால் பாவம் பிடிக்குமே. அறையே இளகிப்போனது. கண்ணாடிக்காரனும் தாடிக்காரனும் தங்களுக்கும் அம்மா உண்டு என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

"எந்தக் கோயில் தம்பி?"

"தண்ணீர்மலை சார்."

"முருகா" என்றார் முதலாளி. அவரும் வருடம் தவறாமல் படியேறுபவராம். அப்புறம் படியைப் பற்றியும் கூட்டத்தைப் பற்றியும் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சார் என் பக்கத்தில் வந்து, "சாமி விஷயத்துலயெல்லாம் வாயை விடாதே" என்று பல்லைக் கடித்தார். மென்பொருள் பரிசோதனை அத்தோடு முடிந்தது.

குழுவுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. இடம் தலைவனுக்குப் போனது. குறையை அங்கே வந்து சரிசெய்து கொடுப்பதாகச் சொல்லி நிரலையும் கையோடு கொண்டுபோனான். நோகாமல் நுங்கு தின்பது என்றால் அதுதான். நான் அப்பாவோடு ஃபெரி ஏறினேன். மாக் மண்டின் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் தட்டினேன். கொஞ்ச நாளில் அந்த மட்டமான தட்டச்சு வேலையைச் சகிக்கமுடியாமல், சரக்குக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் நிரல் ஒன்றை எழுதி வைத்தேன். அது ஒழுங்காக ஓடியதால் யாரும் கவனிக்கவில்லை. ஆனாலும் பாயான் லெப்பாஸ் பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த தைப்பூசமும் வந்து போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாரில் கீரை வாங்கிக்கொண்டு நிற்கிறேன், பின்னால் மோட்டார் வந்து நின்றது. தலைவன். தலை நிறைய முடி, பளபளவென்று ஜெல்.

"இந்த வருஷம் மொட்டை இல்லையா?" என்றேன்.

"எங்க லா, ஆபீஸ்ல பிஸி" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒரு ஹெல்ப் வேணும். அந்தப் புரோகிராம் இருக்குல்ல, அதை ஆபீஸ் கதவுல மாட்டியிருக்கோம். டெஸ்டிங்குக்கு."

"அப்படியேவா?"

"அப்படியேதான். பாஸ் வந்தா எனக்கு அட்டெண்டன்ஸ் விழுது." சிரித்தான். அவனுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவன் எத்தனை நாள் தாமதமாகப் போனாலும் முதலாளியின் தலை அவனைக் காப்பாற்றியிருக்கும். "மத்தவங்க எல்லாருக்கும் உன் பேர்தான் வருது. கிளீனர் அக்கா, சேல்ஸ் ஆளு, முடி வளர்ந்ததுக்கப்புறம் நானும்தான். கதவைத் திறந்தா உன் பேர்தான். பாஸ் இப்ப சத்தம் போடுறாரு, இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணுன்னு. எனக்கு அந்தக் கோடிங்கைத் திறந்தாலே தலை சுத்துது."

எனக்குக் கீரைக்கட்டு கையில் இருப்பதே மறந்துபோனது. நான் கால் வைக்காத அலுவலகத்தில், யார் நுழைந்தாலும் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது ஒரு கதவு.

"உன் பாஸுக்கு இப்பவே போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. இதை எழுதினது யாருன்னு சொல்லு. அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

நெளிந்தான், கெஞ்சினான், "அவ்வளவு ரோசம் எதுக்கு லா" என்றான். நான் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன். பின்னாலேயே வந்து போன் போட்டான்.

"சார், அந்தப் புரோகிராம் வந்து... நான் எழுதினது இல்ல சார். கோடிங் முழுக்க அவங்கதான். இங்கதான் இருக்காங்க."

ஒரு வருடமாக நான் காத்திருந்த வாக்கியம் அது. முதலாளி அதிர்ந்துபோவார், அவனைத் திட்டுவார், என்னிடம் வருத்தம் தெரிவிப்பார் என்றெல்லாம் ஸ்டோரில் உட்கார்ந்து எத்தனையோ முறை எனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமே" என்றார் முதலாளி.

போனை அவன் கையிலிருந்து வாங்கினேன். "தெரியுமா சார்?"

"நீ பேசினப்பவே தெரிஞ்சுதும்மா. ஆனா உனக்குக் கோபம் ஜாஸ்தி. டீம்ல ஒத்துவராதுன்னு பட்டுச்சு. அந்தத் தம்பி நல்லாப் பழகுறான். சின்ன வேலைதான், ஒரு தடவை வந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போயேன்."

மொட்டையால் ஏமாந்தார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் ஏமாறவே இல்லை. எல்லாம் தெரிந்துதான் என்னை வேண்டாம் என்றிருக்கிறார். பஸ் வந்து நின்றது. தலைவன் கையை நீட்டிக்கொண்டு போனுக்காகக் காத்திருந்தான்.

"நான் எதுக்கு சார் புதுசா வரணும்?" என்றேன். "தினமும் உங்க ஆபீஸுக்கு நான்தானே வந்துக்கிட்டிருக்கேன். கதவைக் கேட்டுப் பாருங்க."

போனை அவன் கையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.